ரத்தத்தை முந்திய ஊசி

ஹீமோபிலியா என்றதும் பலருக்கும் மனதில் வருவது விரலில் ஒரு கீறல், நிற்காமல் ஒழுகும் ரத்தம், விக்டோரியா மகாராணியின் வாரிசுகள். இதில் கீறலைப் பற்றிய எண்ணம் மட்டும் சரியில்லை. தோலில் பட்ட சிறு காயத்தைத் துணி வைத்து அழுத்திப் பிடித்தால் ஹீமோபிலியா உள்ளவருக்கும் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும். அவரை ஆயுள் முழுக்க வாட்டுவது வெளியே தெரியாத கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை: தினமும் மடங்கி நிமிரும் இந்தக் கீல்களுக்குள் ரத்தம் மெல்ல ஊறும். ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் இரும்பு, மூட்டின் உள்சவ்வில் படியும். சவ்வு வீங்கித் தடிக்கும். தடித்த சவ்வில் மெல்லிய புதுக் குழாய்கள் முளைக்கும். அவை முன்னைவிட எளிதாகக் கசியும். ஒரு கசிவு அடுத்த கசிவுக்கு வழி செய்து கொடுக்க, குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஒரு பையனின் முழங்கால் எண்பது வயதுக் கிழவரின் முழங்கால் போல ஆகிவிடும்.

இதற்கு இன்று ஒரு பதில் இருக்கிறது. வலி இல்லாதபோதே, வீக்கம் இல்லாதபோதே, பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் சாதாரணக் காலைப் பொழுதிலேயே ஒரு ஊசி. ரத்தம் கசிந்த பிறகு ஓடுவதற்குப் பதிலாக, கசிவதற்கு முன்னே போய் நின்றுகொள்வது. கேட்க எளிமையான இந்த யோசனை நடந்து வந்த பாதையில் யூத குருமார்கள், பாம்புக் காட்சிச் சாலை, கசாப்புக் கடை, பன்றி, சீனத்து எலி எல்லாம் வருகின்றன.

பாதையின் தொடக்கத்தில் மருந்தே கிடையாது, ஒரு விலக்கு மட்டும்தான். இரண்டாம் நூற்றாண்டில் கலிலேயாவின் செப்போரிஸ் ஊரில் நான்கு சகோதரிகள் இருந்தார்கள் என்கிறது யூதர்களின் தல்மூத். முதல் மூவரும் தங்கள் ஆண் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்வித்தார்கள். மூன்று குழந்தைகளும் இறந்தன. நான்காமவள் குருவிடம் வந்து நின்றாள். உன் பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். இறைவனின் கட்டளையையே ஒதுக்கி வைத்த அந்தத் தீர்ப்பில் நுட்பமான ஒரு கணிப்பு ஒளிந்திருக்கிறது. தந்தையர் வேறு வேறு. ஆபத்து அக்காள் தங்கைகள் வழியாக வருகிறது. 1803இல் ஜான் கான்ராட் ஓட்டோ என்ற பிலடெல்பியா மருத்துவரும் இதையே கண்டார். நியூ ஹாம்ப்ஷயரின் பிளிமத் அருகே பல பத்தாண்டுகளுக்கு முன் குடியேறிய ஒரு பெண்ணின் வம்சத்தில் ஆண்கள் மட்டும் ரத்தம் ஒழுகி இறப்பதையும், பெண்கள் நலமாக இருந்தபடி அதைக் கடத்துவதையும் அவர் எழுதி வைத்தார். 1828இல் ஜெர்மனியின் வூர்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் ஹோப் எழுதிய ஆய்வேட்டின் வழியாக நோய்க்குப் பெயர் வந்தது. கிரேக்கத்தில் ‘ஹைமா’ என்றால் ரத்தம், ‘பிலியா’ என்றால் பிரியம். இவ்வளவு பொருந்தாத பெயர் வேறெந்த நோய்க்கும் இருக்காது என்பது என் எண்ணம்.

மூட்டைக் கவனிக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. அக்காலத்து ஐரோப்பாவில் வீங்கிய முழங்கால் என்றால் காசநோய் என்றே முதலில் நினைப்பார்கள், கத்தியை எடுப்பார்கள். 1892இல் ஃபிரான்ஸ் கோனிக் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், இந்த மூட்டு வேறு, அந்த மூட்டு வேறு என்று பிரித்துக் காட்டினார். முதலில் மூட்டுக்குள் ரத்தம், பிறகு அழற்சி, கடைசியில் விறைப்பும் கோணலும் என்று அவர் வகுத்த படிநிலைகள் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. நோயின் நடை தெரிந்துவிட்டது. தடுக்கத்தான் எதுவும் இல்லை. ரஷ்யப் பேரரசின் பட்டத்து இளவரசன் அலெக்ஸிக்கே இல்லை. 1912இல் போலந்தின் ஸ்பாலா வேட்டை மாளிகையில் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பிய அவனது கால், மாதக்கணக்கில் மடங்கியே இருந்தது. மறு ஆண்டு ரோமனோவ் வம்சத்தின் 300ஆம் ஆண்டு விழாவில், கோடானுகோடி மக்களை ஆளப் பிறந்த எட்டு வயதுப் பிள்ளையை ஒரு கோசாக் வீரர் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். 2009இல் அரச குடும்பத்தின் எலும்புகளில் செய்த மரபணுச் சோதனை, அது இந்த நோயின் இரண்டாவது வகையான ஹீமோபிலியா ‘பி’ என்று காட்டியது.

அடுத்த திருப்பம் நம் கடற்கரையிலிருந்து தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக சோழமண்டலக் கரையில் தாவரங்களையும் பாம்புகளையும் சேகரித்த ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், 1796இல் இந்தப் பகுதியின் பாம்புகளைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகம் வெளியிட்டார். நம் வயல்வரப்புகளின் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான். 1934இல் லண்டனில் மாக்ஃபர்லேன் என்ற இளம் மருத்துவரும், லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் ஊர்வனப் பகுதியைப் பார்த்துக்கொண்ட பர்ஜஸ் பார்னெட்டும் சேர்ந்து பல பாம்புகளின் விஷத்தைச் சோதித்தார்கள். கண்ணாடி விரியனின் விஷத்தை மிக மிக நீர்த்துத் தெளித்தால், ஹீமோபிலியா நோயாளியின் ரத்தம்கூட நொடிகளில் உறைந்தது! விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாமல் போவது நமக்குத் தெரியும். உடலில் இருக்கும் உறைபொருட்களை விஷம் கண்டபடி தீர்த்துவிடுவதால் அப்படி ஆகிறது. அதையே ஒரு சொட்டாகப் பஞ்சில் நனைத்துப் பல் பிடுங்கிய குழியில் வைத்தால் அதே விஷம் மருந்து. ரத்தம் உறைவதற்கான நீண்ட சங்கிலியில் நோயாளிக்கு அறுந்துபோன கண்ணியைத் தாண்டி, ‘பத்தாம் காரணி’ என்ற கண்ணியை அது நேரடியாகத் தட்டி எழுப்புகிறது. இந்தப் பத்தாம் காரணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் மறுபடி வரும். ஆனால் வெளிக்காயத்துக்குத்தான் விஷம் உதவும். ரத்த நாளத்தில் ஏற்றவும் முடியாது, மூட்டுக்குள் விடவும் முடியாது.

மூட்டை எட்ட வேண்டுமென்றால் அறுந்த கண்ணியையே ரத்தத்தில் கலக்க வேண்டும். 1840இல் லண்டனில் சாமுவேல் லேன் பதினொரு வயதுப் பையன் ஒருவனுக்கு அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றியிருந்தார். ஆனால் முழு ரத்தத்தில் அந்தக் கண்ணியின் அளவு மிகச் சொற்பம். 1930களில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அது பிளாஸ்மாவில் இருக்கும் ஒரு புரதம் என்று கண்டார்கள். அதைத்தான் இன்று எட்டாம் காரணி என்கிறோம். நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் சுருக்கமாக ‘ஃபேக்டர்’ என்பார்கள். புவெனஸ் அயர்ஸில் பாவ்லோவ்ஸ்கி என்ற மருத்துவர், இரண்டு ஹீமோபிலியா நோயாளிகளின் ரத்தத்தைக் கலந்தபோது ஒன்றையொன்று சரிசெய்ததைப் பார்த்துத் திகைத்தார். நோய் ஒன்றல்ல, இரண்டு! ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டாவது வகைக்கு, அதாவது ‘பி’க்கு, அதில் முதலில் ஆராயப்பட்ட சிறுவன் ஸ்டீபன் கிறிஸ்துமஸின் பெயரைச் சூட்டி, 1952இன் கிறிஸ்துமஸ் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தச் சிறுவனைப் பிறகு மீண்டும் சந்திப்போம்.

கண்ணாடி விரியனோடு தொடங்கிய மாக்ஃபர்லேன் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். மனித ரத்தம் போதவில்லை. கசாப்புக் கூடங்களில் மாட்டு ரத்தமும் பன்றி ரத்தமும் வீணாக ஓடின. எத்தெல் பிட்வெல் என்ற வேதியியலாளர் 1954 வாக்கில் அந்த ரத்தங்களிலிருந்து ஃபேக்டரைப் பிரித்தெடுத்தார். மனிதரின் ஃபேக்டரைவிடப் பல மடங்கு வீரியம். ஆனால் ஒரு வாரம் பத்து நாளில் நோயாளியின் உடல் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு எதிர்க்கத் தொடங்கிவிடும். எனவே உயிர் போகும் நிலையிலோ பெரிய அறுவைச் சிகிச்சையிலோ பயன்படுத்தும் பிரம்மாஸ்திரமாக அது நின்றது. ‘தினமும் கொஞ்சம்’ என்பதற்கு லாயக்கில்லை. இந்த வறட்சிக் காலத்தில்தான், வேர்க்கடலை தின்றால் மூட்டுக்கசிவு குறைகிறது என்று 1960இல் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ஹீமோபிலியாவோடு வாழ்ந்தவர். பின்னால் அது நிற்கவில்லை. நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு அதைச் சொல்கிறேன்.

நம் ஊசியின் பிறந்த வீடு ஸ்வீடனின் தென்முனைத் துறைமுக நகரமான மால்மோ. அங்கே இங்கா மாரி நீல்சன் என்ற மருத்துவர் இருந்தார். ஸ்டாக்ஹோமில் பிர்யர், மார்கரெத்தா புளோம்பேக் என்ற தம்பதி மனிதப் பிளாஸ்மாவிலிருந்து ஒரு பகுதியைச் சுத்தமாகப் பிரித்திருந்தார்கள். உண்மையில் அவர்கள் தேடியது ஃபேக்டரை அல்ல, ஃபைப்ரினோஜென் என்ற வேறொரு புரதத்தை. அதோடு எட்டாம் காரணியும் ஒட்டிக்கொண்டு வந்தது. 1956இல் ஒரு பெண்ணின் கடும் ரத்தப்போக்கை அது நிறுத்தியது. 1958இல் மால்மோவில் நீல்சன் துணிந்தார்: கடுமையான ஹீமோபிலியா உள்ள பையன்களுக்கு, கசிவு ஏற்படும்வரை காத்திராமல், குறித்த நாட்களில் ஏற்றிவிடுவது என்று.

அவருடைய தர்க்கத்தின் அழகே அதன் சிக்கனம்தான். நல்ல ரத்தத்தில் ஃபேக்டரின் அளவு நூறு என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கும் கீழே இருப்பவர்களுக்குத்தான் காரணமில்லாமலே மூட்டு கசியும். ஒன்று முதல் ஐந்து வரை இருப்பவர்களுக்கு அடிபட்டால்தான் கசிவு; அவர்களது மூட்டுகள் அநேகமாக நேராகவே இருந்தன. மால்மோவின் எலும்பு மருத்துவர் ஓகே ஆல்பெர்க் ஸ்வீடனின் நோயாளிகளைத் தேடித்தேடி மூட்டுகளை அளந்து, 1965இல் இதைத் தன் ஆய்வேட்டில் காட்டினார். அப்படியானால் நூறை எட்ட வேண்டியதில்லை. பூஜ்யத்தை ஒன்றாக்கினால் போதும்! ஊசியில் ஏறும் ஃபேக்டர் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். எனவே ஒன்றாம் நாள் ஏற்றியது முற்றிலும் தீர்வதற்குள் அடுத்த ஊசி. முதலில் அளவும் குறைவு, இடைவெளியும் நீளம். போகப் போக அளவைக் கூட்டி, வயதைக் குறைத்து, ஒன்றிரண்டு வயதிலேயே, முதல் மூட்டுக்கசிவுகளோடே தொடங்கினார்கள். 1992இல் நீல்சன் தன் 25 ஆண்டு அனுபவத்தை வெளியிட்டபோது, சீக்கிரம் தொடங்கிய பையன்கள் ஏறக்குறைய பழுதில்லாத மூட்டுகளோடு வளர்ந்திருந்தார்கள்.

இவ்வளவு நல்ல யோசனையை உலகம் ஏன் உடனே நகலெடுக்கவில்லை? சரக்கு இல்லை. அந்தச் சரக்கு கலிபோர்னியாவில் ஒரு பையின் அடியில் வண்டலாகக் கிடந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் உறைந்த பிளாஸ்மாவை மெதுவாக, குளிரிலேயே உருக விட்டபோது, அடியில் வெண்மையாக ஏதோ தங்கியது. அதில்தான் எட்டாம் காரணி குவிந்திருந்தது. 1964இல் அவர் இதை அறிவித்தார். பெரிய தொழிற்சாலை வேண்டாம். குளிர்பெட்டியும் சுழற்றும் இயந்திரமும் உள்ள எந்த ரத்த வங்கியும் செய்யலாம். நம் ஊர் மருத்துவமனைகளில் ‘கிரையோ’ என்று இன்றும் சொல்வது இதைத்தான். எத்தனை ஆயிரம் பேரின் மூட்டை அந்த வண்டல் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கும்போது, அந்தப் பெண்மணியின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

பிறகு வியாபாரம் நுழைந்தது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலந்து, பிரித்து, உலர்த்திப் பொடியாக்கிக் குப்பியில் அடைத்தார்கள். வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவே கரைத்துப் பையனின் கையில் ஏற்றலாம். 1970களில் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு வகுப்பறைக்குத் திரும்பினார்கள். ஆனால் தொட்டியை நிரப்ப வேண்டுமே? காசுக்குப் பிளாஸ்மா விற்ற ஏழைகளிடமிருந்தும், அமெரிக்கச் சிறைக் கைதிகளிடமிருந்தும் அது வந்தது. நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் இருந்த ஒரு பிளாஸ்மா நிலையத்தை ஊர்மக்கள் ‘ரத்தக் காட்டேரிகளின் வீடு’ என்றார்கள். அங்கே நடப்பதை எழுதிய பத்திரிகை ஆசிரியர் பெத்ரோ ஹோவாகின் சமோரோ 1978 ஜனவரியில் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொதித்தெழுந்த மக்கள் அந்தக் கட்டடத்தைக் கொளுத்தினார்கள்.

ஒரே தொட்டி என்றால், ஒருவருடைய கிருமி எல்லோருடைய குப்பியிலும். 1982 ஜூலையில், ஹீமோபிலியா உள்ள மூன்று அமெரிக்கர்களுக்கு அரிய நிமோனியா வந்திருப்பதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. எய்ட்ஸ் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எச்ஐவி தொற்றியது. இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம், மூட்டைக் காக்க ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டவருக்கே ஆபத்து அதிகம். கவனமான தாய், கவனமான பிள்ளை. அவர்கள் வீட்டில்தான் குப்பிகளின் எண்ணிக்கை கூடுதல். கிருமியைக் கொல்லப் பொடியைச் சூடேற்றும் முறை ஜெர்மனியில் முன்பே கையில் இருந்தது. மற்ற நாடுகள் தாமதித்தன. ஸ்டீபன் கிறிஸ்துமஸ் 1993இல் எய்ட்ஸால் இறந்தார். பிரிட்டனில் இதை விசாரித்த குழுவின் அறிக்கை 2024 மே மாதம்தான் வெளிவந்தது. இந்தப் பேரழிவு பெருமளவு தவிர்த்திருக்கக்கூடியது என்று அது சொன்னது.

மனித ரத்தமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தபோது, உதவிக்கு வந்தது 1948இல் சீனாவிலிருந்து தப்பிய ஒரு கூடை எலிகள். உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்ட் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, ராபர்ட் வாட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், பீக்கிங் மருத்துவக் கல்லூரியின் ஹூ என்ற ஆய்வாளரிடமிருந்து ஆணில் பத்து, பெண்ணில் பத்து என இருபது ஹாம்ஸ்டர்களைப் பெற்று, ஷாங்காயிலிருந்து விமானம் ஏறினார். அவற்றின் சந்ததியில் ஒன்றின் சூலகத்திலிருந்து 1957 வாக்கில் கொலராடோவில் தியோடர் பக் வளர்த்தெடுத்த செல்கள், சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. 1984இல் எட்டாம் காரணியின் மரபணுவைப் படித்து நகலெடுத்தார்கள். அதை அந்த ஹாம்ஸ்டர் செல்லுக்குள் வைத்ததும், செல் மனித ஃபேக்டரைச் சுரந்தது. 1992இல் அது மருந்தாகச் சந்தைக்கு வந்தது.

சுத்தமான மருந்து கிடைத்த பின்பும், மால்மோ முறை உண்மையிலேயே மூட்டைக் காக்கிறதா என்று அமெரிக்கக் காப்பீட்டுக்காரர்கள் சாட்சி கேட்டார்கள். 65 சிறுவர்களைக் கொண்ட ஆய்வு 2007இல் பதில் சொன்னது. ஆறு வயதில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே ஊசி போட்டவர்களில் 93 சதவீதத்தினருக்கு மூட்டு சேதமில்லை. கசிந்த பிறகு போட்டவர்களில் 55 சதவீதம்தான். வீங்கியதே இல்லை என்று பெற்றோர் நினைத்த சில மூட்டுகளிலும் சேதம் தெரிந்தது. கண்ணுக்குத் தப்பிய கசிவுகள் உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. மால்மோவின் முதல் ஊசிக்கும் இதற்கும் இடையே 49 ஆண்டுகள்.

இந்தியாவில் கேள்வி வேறு. ஸ்வீடன் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 40 யூனிட் வரை, வாரம் மூன்று முறை. அந்த விலைக்கு நாம் எங்கே போவது? ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் அசலைச் சுருக்கி ஒரு நகல் செய்தார்கள்: கிலோவுக்குப் பத்து யூனிட், வாரம் இரண்டு முறை. ஸ்வீடனின் முழு அளவுக்கு அது ஈடில்லை. ஆனாலும் கசிவுகள் வெகுவாகக் குறைந்தன, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பூஜ்யத்தைவிட ஒன்று பெரிது என்ற நீல்சனின் கணக்கு இங்கேயும் செல்லுபடியானது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் இடம்பெற்றது. முன்கூட்டியே தரும் சிகிச்சைதான் சரியான சிகிச்சை என்று 2020இல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டி நூலின் முதல் ஆசிரியர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அலோக் ஸ்ரீவஸ்தவா.

வீட்டுக்கு வீடு போக வேண்டிய சேதியும் ஒன்று உண்டு. முட்டி வீங்கினால் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவி உருவி விடுவது நம் பாட்டிமார்களின் முதல் வைத்தியம். ஹீமோபிலியா மூட்டில் அது கூடவே கூடாது. உருவ உருவக் கசிவு கூடும். ஃபேக்டர், ஓய்வு, துணி சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி வைத்தல். வலிக்கு ஆஸ்பிரின் ஆகாது. வீக்கம் வடிந்ததும் உடற்பயிற்சி. ஓடாதே ஆடாதே என்று பிள்ளையைப் பொத்திவைத்த காலத்தில் தசைகள் வற்றி, மூட்டுக்குத் தாங்கல் இல்லாமல் போனது. இப்போது நீச்சல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். தண்ணீரில் மூட்டின் மேல் பாரம் இல்லை, தசைக்கு வேலை உண்டு.

இனி ஜப்பான். சின்னஞ்சிறு குழந்தையின் கையில் வாரம் மூன்று முறை நரம்பு தேடுவது எவ்வளவு பெரிய வேதனை என்று செய்தவர்களுக்குத் தெரியும். நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்து மருத்துவர்களும் சூகாய் மருந்து நிறுவனத்தாரும் ஒரு வித்தியாசமான கேள்வி கேட்டார்கள்: ஒன்பதாம் காரணியையும் பத்தாம் காரணியையும் அருகருகே பிடித்து வைப்பதுதானே எட்டாம் காரணியின் வேலை? அந்த வேலையை இரண்டு கைகள் கொண்ட ஓர் ஆன்டிபாடி செய்தால் என்ன? ஏறக்குறைய 40,000 சேர்க்கைகளைச் சலித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எமிசிசுமாப். 2017இல் அமெரிக்காவில் அனுமதி. தோலுக்கடியில், வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போட்டால் போதும். 1934இல் விரியனின் விஷம் தட்டி எழுப்பிய அதே பத்தாம் காரணியை, இப்போது வேறொரு சாவி, அளவோடு, உடம்புக்குள்ளேயே எழுப்புகிறது.

2024 டிசம்பரில் வேலூரிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. கடுமையான ஹீமோபிலியா ‘ஏ’ உள்ள ஐந்து பேரின் ரத்த மூலச் செல்களை எடுத்து, அவற்றுக்குள் ஃபேக்டருக்கான மரபணுவை வைத்து, அவர்களுக்கே திருப்பி ஏற்றினார்கள். ஃபேக்டரின் அளவு ஆளுக்கு ஆள் மாறுபட்டாலும், கண்காணித்த காலத்தில் ஐவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உருவான அந்த மரபணு முழுக்க மனிதருடையது அல்ல. மனித ஃபேக்டரைச் செல்கள் சுணங்கிச் சுணங்கித்தான் சுரக்கும். பன்றியின் ஃபேக்டரைத் தாராளமாகச் சுரக்கும் என்று கண்டு, இரண்டையும் ஒட்டிச் செய்திருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கசாப்புக் கூடத்தில் எத்தெல் பிட்வெல் வாளியில் ஏந்திய பன்றி ரத்தம் எழுபது ஆண்டுகள் கழித்து, ஐந்து பேரின் எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு மரபணுத் துண்டாக வந்து சேர்ந்திருக்கிறது.